வயதுக்கு வராத பெண்: முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் இருபத்தெட்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பக்கத்தில் வாசலில் கேட்கும் கேள்வி வேறு, கொல்லையில் கேட்கும் கேள்வி வேறு. தடுப்பூசி, சத்து மாத்திரை பற்றியெல்லாம் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். "நர்சம்மா, ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்" என்று கிணற்றடிக்குக் கூட்டிப் போனால் விஷயம் வேறு என்று அர்த்தம். கீழே இருப்பவை கொல்லையில் கேட்ட கேள்விகள். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் சொன்னதை, அவர்களிடம் நானே துருவித் துருவிக் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. வளரிளம் பெண்களுக்கு அரசு கொடுக்கும் நாப்கினை ஒரு பெண் என்னிடம் வருடக்கணக்கில் வாங்கினாள். ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டாள். வாங்கிய பொட்டலத்தை எல்லாம் அக்காவிடம் கொடுத்துவந்தாள் என்பது அவளுக்குப் பதினேழு வயதானபோதுதான் தெரிந்தது. என் பதிவேட்டைப் பார்த்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஒரு தடவைகூட "உனக்கு வருதாடி?" என்று கேட்டதில்லை.

பொண்ணுக்குப் பதினஞ்சு முடிஞ்சிடுச்சு, இன்னும் உக்காரல. எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

பதினைந்து முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால் இப்போதே போகலாம். மார்பு வளர ஆரம்பித்து மூன்று வருடம் கழிந்தும் வரவில்லை என்றாலும் சரி, பதின்மூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை என்றாலும் சரி, காத்திருக்க வேண்டாம். "அவ அத்தையும் லேட்டாத்தான் ஆனா" என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கம். அத்தை பதினாறில் ஆனது உண்மையாகவே இருக்கட்டும், ஒருமுறை காட்டிவிட்டு வந்து காத்திருக்கலாமே.

வயதுக்கு வரத் தாமதமாவதற்குக் காரணங்கள் பல. உடல் மெலிவு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, பிறவியிலேயே பிறப்புறுப்பின் வழி அடைத்திருப்பது என்று போகும் அந்த வரிசையில், இந்தக் கட்டுரையில் நான் சொல்லவரும் ஆண்ட்ரோஜன் உணர்வின்மை அபூர்வமானது. ஆனால் தவறவிடப்படுவது அதிகம். அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

ஆண்ட்ரோஜன் உணர்வின்மைன்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு. ஆற்றில் வந்தாச்சு, வாய்க்காலிலும் வந்தாச்சு. உங்கள் வயலுக்குப் போகும் மடை மட்டும் திறக்கவில்லை. தண்ணீர் இருந்தும் வயல் நனையாது. ஆண்ட்ரோஜன் என்பது ஆண் தன்மையைத் தரும் ஹார்மோன்களின் பொதுப்பெயர். அதில் முக்கியமானது டெஸ்டோஸ்டிரோன். அதை வாங்கி வேலை செய்ய வைக்க உடம்பின் செல்களில் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. அந்த ஏற்பிதான் மடை. அதை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பிழை இருந்தால் ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் உடம்புக்கு அது தெரியாது. மடை கொஞ்சமும் திறக்காததைத்தான் முழுமையான உணர்வின்மை என்கிறோம்.

கருவில் முதல் சில வாரங்கள் எல்லாக் குழந்தைக்கும் உடல் அமைப்பு ஒன்றுதான். பொதுவாகப் பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய் என்று குரோமோசோம் இருக்கும். ஒய் குரோமோசோம் இருந்தால் விரைகள் உருவாகும். அந்த விரைகள் இரண்டு வேலை செய்யும்: ஒரு ஹார்மோனால் கர்ப்பப்பை உருவாகாமல் தடுக்கும், டெஸ்டோஸ்டிரோனால் வெளி உறுப்பை ஆண் உறுப்பாக்கும். முழுமையான உணர்வின்மை உள்ள குழந்தைக்கு முதல் வேலை ஒழுங்காக நடந்துவிடும், இரண்டாவது நடக்கவே நடக்காது. ஆகவே வெளியே பெண்ணாகவே பிறக்கும், உள்ளே கர்ப்பப்பை இருக்காது, விரைகள் வயிற்றுக்குள்ளோ கவட்டையிலோ தங்கியிருக்கும். எக்ஸ்ஒய் குரோமோசோமுடன் பிறக்கும் ஏறத்தாழ 20,000-லிருந்து 1,00,000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து டாக்டர்கள் சி.ஏ.ஐ.எஸ். என்பார்கள்.

பாத்தவுடனே தெரியுமா? அடையாளம் என்னென்ன?

பார்த்தால் தெரியாது. பத்துப் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தால் அதில் யார் என்று எந்த டாக்டராலும் கரையில் நின்று சொல்ல முடியாது. கொஞ்சம் உயரமாக இருக்கலாம், முகத்தில் பரு இல்லாமல் தோல் வழுவழுப்பாக இருக்கலாம், தலைமுடி நன்றாக இருக்கும். இதெல்லாம் ஊரில் புகழ்ந்து சொல்லும் லட்சணங்கள், யாரும் நோய்க்குறி என்று நினைக்கமாட்டார்கள்.

சேர்த்துப் பார்க்கவேண்டியவை இவை. மார்பு சரியான வயதில், நன்றாகவே வளர்ந்திருக்கும். ஆனால் அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் முடி இருக்காது, அல்லது பூனைமுடி போல மிகக் கொஞ்சம் இருக்கும். மாதவிடாய் வந்திருக்காது, மாதாமாதம் வரும் வயிற்றுவலியும் இருக்காது. சின்ன வயதில் கவட்டையில் கட்டி அல்லது குடலிறக்கம் இருந்திருக்கலாம். அம்மா வழியில் குழந்தை பிறக்காத, வயதுக்கே வராத சித்தியோ பெரியம்மாவோ இருந்திருக்கலாம்.

மார்பு வளர்ந்திருப்பதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. "உடம்பு வந்துடுச்சு, நாளைக்கே ஆயிடுவா" என்பார்கள். மேலே சொன்ன மடையை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் பாய்கிற மாதிரி, உடம்பு அந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்கிறது. மார்பு வளர்வது அதனால்தான்.

சிரமம் என்னவென்றால், இந்த அடையாளங்கள் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. குடலிறக்கம் அறுவை செய்த டாக்டருக்குத் தெரியும். முடி இல்லாதது அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியும். மாதவிடாய் வராதது அம்மாவுக்குத் தெரியும். சித்தி கதை பாட்டிக்குத் தெரியும். நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது எங்கே நடக்கிறது?

சின்ன வயசுல ஹெர்னியா ஆபரேஷன் பண்ணினோம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பையன்களுக்குக் கவட்டைக் குடலிறக்கம் சாதாரணம், பெண் குழந்தைகளுக்குக் குறைவு. பெண் குழந்தைக்கு வந்தால், முக்கியமாக இரண்டு பக்கமும் வந்தால், இறங்கியிருப்பது குடல்தானா, விரையா என்று ஒரு தடவை யோசிக்கவேண்டும். இப்படிக் குடலிறக்கம் வரும் பெண் குழந்தைகளில் நூற்றில் ஒன்று இரண்டு பேருக்கு இந்த நிலை இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மற்றவர்களுக்கு வெறும் குடலிறக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு அம்மா எனக்குக் காட்டியது நினைவிருக்கிறது. ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த பழைய டிஸ்சார்ஜ் சீட்டு. மடிப்பில் கிழிந்து, மஞ்சள் கறை பட்டிருந்தது. மூன்று வயதில் இரண்டு பக்கமும் தைத்தது என்று அதில் இருந்தது. பதினான்கு வருடம் அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை. உங்களிடம் அப்படி ஒரு சீட்டு இருந்தால் பெண்ணைக் காட்டப் போகும்போது கட்டாயம் எடுத்துப் போங்கள்.

அக்குள்ல முடி இல்லன்னா இதுதானா? எங்க வீட்ல எல்லாருக்குமே முடி கம்மி.

அது மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சில குடும்பங்களில் இயல்பாகவே முடி குறைவு. மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு முடி இல்லை என்றால் இந்தச் சந்தேகமே வேண்டாம், கர்ப்பப்பை இருப்பதால்தானே மாதவிடாய் வருகிறது.

மாசாமாசம் அடிவயிறு வலிக்குது, ஆனா ரத்தம் மட்டும் வரல. இதா?

இல்லை. இது அநேகமாக வேறு. கர்ப்பப்பை இருந்து, உள்ளே ரத்தம் சேர்ந்து, வெளியே வரும் வழி அடைத்திருக்கலாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் இந்த வாரமே போங்கள். சின்ன அறுவையில் சரியாகக்கூடியது, விட்டால் சிக்கலாகும்.

ஸ்கேன்ல கர்ப்பப்பை இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்போ இதுதானே?

அவசரப்படாதீர்கள். கர்ப்பப்பை இல்லாமல் பிறப்பதில் அதிகம் காணப்படுவது வேறொன்று. எம்.ஆர்.கே.எச். என்பார்கள். ஏறத்தாழ 5,000 பெண்களில் ஒருவருக்கு இருக்கும். அவர்களுக்குக் குரோமோசோம் எக்ஸ்எக்ஸ், சினைப்பைகள் சரியாக வேலை செய்யும், அக்குள் முடியும் வழக்கம்போல இருக்கும், கர்ப்பப்பை மட்டும் வளராமல் போயிருக்கும். சினைப்பை இருப்பதால் அவர்களுடைய கருமுட்டையை எடுத்து வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற வழி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வாழ்க்கைத் திட்டமே மாறிப்போகும்.

இதற்கு நேர்மாறாக, எக்ஸ்ஒய் குரோமோசோம் இருந்தும் கர்ப்பப்பை உள்ள பெண்களும் உண்டு. அது ஸ்வையர் நிலை. அதில் மார்பு தானாக வளராது. இன்னொன்று 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு: பெண்ணாக வளர்ந்த குழந்தைக்குப் பருவ வயதில் குரல் உடையும், தசை இறுகும், வெளி உறுப்பு பெரிதாகும். முழுமையான உணர்வின்மையில் இது எதுவும் நடக்காது. குரல் மாறுகிறது என்றால் மடை ஓரளவாவது திறந்திருக்கிறது என்று பொருள், அப்போது தேடவேண்டியது வேறு காரணம்.

என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க? எங்க போறது?

முதலில் அடிவயிற்று ஸ்கேன். நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்கவேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகாத பெண்ணுக்கு உள்ளே கருவி விட்டுப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அப்புறம் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனும், எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற வேறு இரண்டு ஹார்மோன்களும் பார்ப்பார்கள். இந்த நிலையில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு இருக்கும் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், எல்.எச். கூடியிருக்கும். குரோமோசோம் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனைக்கும் ரத்தம்தான், முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். கடைசியாக மரபணுப் பரிசோதனை உறுதி சொல்லும்.

டெல்டாவில் முதலில் போகவேண்டிய இடம் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையோ திருவாரூர் அரசு மருத்துவக்கல்லூரியோ. மகப்பேறுப் பிரிவில் "பதினாறு வயசு, இன்னும் மாதவிடாய் வரல" என்று சொன்னால் போதும், கதை முழுக்க வரிசையில் நின்று சொல்லவேண்டாம். சில பரிசோதனைகளுக்கு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்புவார்கள். திருச்சிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ எழுதித் தந்தால் போய்வாருங்கள். ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவர் பார்ப்பது நல்லது.

உடலைப் பரிசோதிக்கும்போது அம்மாவோ பெண் செவிலியரோ கூட இருக்கலாம். மாணவர்கள் கூட்டமாக நின்று பார்ப்பது உங்கள் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லலாம். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஒரு பெண் பாதியில் எழுந்து வந்துவிட்டாள், அப்புறம் நாலு வருடம் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவில்லை.

ரிப்போர்ட்ல 46 எக்ஸ்ஒய்னு போட்டிருக்கு. நர்சம்மா, அப்போ என் பொண்ணு ஆம்பளையா?

இந்தக் கேள்வியை ஒரு அப்பா என்னிடம் கேட்டபோது அவர் கையில் இருந்த காகிதம் நடுங்கியது. பதில்: இல்லை. அவள் பெண்தான். நேற்று வரை இருந்த அதே பெண். குரோமோசோம் என்பது விதைநெல் மாதிரி ஒரு தொடக்கம். உடம்பு எப்படி வளரும் என்பதை அதுவே தனியாக முடிவு செய்வதில்லை. ஆண் ஹார்மோன் அவள் உடம்பில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. அந்த ஹார்மோனுக்கு உங்கள் மகளைவிட, உங்கள் மனைவியின் உடம்புதான் அதிகமாகப் பதில் சொல்லும். சாதாரணப் பெண்ணின் உடம்பிலும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கும், அக்குள் முடியும் முகப்பருவும் அதன் வேலைதான்.

பழைய ரிப்போர்ட்டுகளில் "டெஸ்டிகுலர் ஃபெமினைசேஷன்" என்று எழுதியிருப்பார்கள். யேல் பல்கலைக்கழகத்து டாக்டர் ஜான் மோரிஸ் 1953-ல் 82 பேருடைய விவரங்களைத் தொகுத்து எழுதியபோது வைத்த பெயர் அது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பலர் கலங்கிப்போகிறார்கள். இப்போது டாக்டர்கள் அதைக் கைவிட்டாயிற்று. நீங்களும் விட்டுவிடுங்கள்.

திருநங்கைங்கறதும் இதுவும் ஒண்ணா?

இல்லை. திருநங்கை என்பவர் ஆண் என்று பதிவாகிப் பிறந்து, தன்னைப் பெண்ணாக உணர்பவர். இங்கே பிறப்பிலேயே பெண் என்று பதிவு, வளர்ந்ததும் பெண்ணாக, பெரும்பாலும் அவள் தன்னை உணர்வதும் பெண்ணாகத்தான். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டு பேருக்குமே அநியாயம். இடைப்பாலினம் என்ற பொதுச் சொல்லுக்குள் மருத்துவர்கள் இதைச் சேர்ப்பார்கள். அந்தச் சொல்லைத் தனக்கு வைத்துக்கொள்வதா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம்.

யார் வழியா வந்துச்சு? சொந்தத்துல கட்டினதாலயா?

சொந்தத்தில் கட்டியதால் வருவது இது அல்ல. அக்காள் மகளைக் கட்டியிருந்தாலும் சரி, அசலில் கட்டியிருந்தாலும் சரி, இதன் வாய்ப்பு மாறாது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மா வழியாகத்தான் வரமுடியும். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களில் அம்மா அதைச் சுமப்பவர். மீதி ஒரு பங்கில் குழந்தையிடம்தான் பிழை புதிதாக உண்டாகியிருக்கும். முன்பு சொன்ன 5-ஆல்ஃபா குறைபாடு வேறு கதை, அதில் சொந்தக் கல்யாணத்துக்குப் பங்கு உண்டு.

"அப்போ அவ வீட்டு வழிதான்!" என்று மாமியார்கள் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். சுமக்கும் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை, அவருக்கே தெரியாது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. சடங்குக்குச் சீர் தட்டோடு வந்து நிற்கும் தாய்மாமனிடம் இந்தப் பிழை இருக்கவே முடியாது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு எக்ஸ். அதில் பிழை இருந்திருந்தால் அவர் மாமனாகப் பிறந்திருக்கமாட்டார், சித்தியாகப் பிறந்திருப்பார்.

தங்கச்சிங்களுக்கும் பார்க்கணுமா? அடுத்து ஒரு குழந்தை பெத்துக்கலாமா?

தங்கைக்கு மாதவிடாய் வந்துவிட்டது என்றால் அவளுக்கு இந்த நிலை இல்லை. ஆனால் அம்மா சுமப்பவராக இருந்தால், எக்ஸ்எக்ஸ் உள்ள ஒவ்வொரு மகளும் சுமப்பவளாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்னும் சிறுமியாக இருக்கும் தங்கைக்கு, அக்காவின் மரபணுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும். அம்மாவின் அக்கா தங்கைகளிடமும் சொல்லவேண்டும், அவர்கள் மகள்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்த குழந்தை தாராளமாகப் பெறலாம். அம்மா சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு இந்த நிலை உள்ள பெண் பிறக்க. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம். பரம்பரை நோய்க்காகப் பதிவு பெற்ற மையத்தில் மரபணு ஆலோசனையோடு பரிசோதிக்க அதே சட்டத்தில் இடமுண்டு. ஸ்கேன் சென்டரில் ரகசியமாகக் கேட்கும் வேலை வேண்டாம்.

உள்ளே இருக்கறது கேன்சர் ஆயிடுமாமே. உடனே எடுத்துடணுமா?

முன்பெல்லாம் கண்டவுடன் எடுத்தார்கள். இப்போது பொறுக்கச் சொல்கிறார்கள். காரணம், பருவத்துக்கு முன் அந்த விரைகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அவை அங்கே இருந்தால்தான் மேலே சொன்ன ஈஸ்ட்ரோஜன் கிடைத்து, மருந்தில்லாமல் மார்பும் எலும்பும் தானாக வளரும். வயது ஏற ஏற ஆபத்து கூடும் என்பதால், பருவ வளர்ச்சி முடிந்த பிறகு எடுப்பதா, ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தபடி வைத்திருப்பதா என்று அந்தப் பெண்ணே டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். கவட்டையில் இருந்து வலிக்கிறது என்றால் அது தனிக் கணக்கு.

"ஹெர்னியா தைக்கும்போதே எடுத்துடறோம்" என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றும் அறுவை சிகிச்சை கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி தடை என்று தமிழக அரசு ஆணையும் போட்டது. இந்தியாவில் இதில் முதல் அடி எடுத்துவைத்தது நம் மாநிலம்தான்.

எடுத்துட்டா எவ்வளவு நாள் மாத்திரை?

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ தோலில் ஒட்டும் பட்டையோ, சுமார் ஐம்பது வயது வரை. கர்ப்பப்பை இல்லாததால் கூடவே புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வேண்டியதில்லை. நிறுத்தினால் எலும்பு தேயும். முப்பது வயதுப் பெண் களத்துமேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன், மாத்திரையை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்சா ஸ்கேன் அவ்வப்போது எடுக்கவேண்டும். கேழ்வரகு, பால், வெயில், வேலை எல்லாம் துணைக்கு.

நாட்டு மருந்து கொடுத்தா வந்துடுமா? உளுந்தங்களி கொடுத்துட்டே இருக்கோம்.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடு, நானும் சாப்பிடுகிறேன். அது இல்லாத கர்ப்பப்பையை உண்டாக்காது. "பீரியட் வர மாத்திரை" என்று கடையில் வாங்கிக் கொடுப்பதும் அப்படித்தான். வர ஒரு இடம் இருந்தால்தானே வரும். அந்த மாத்திரையை மூன்று தடவை கொடுத்தும் வரவில்லை என்றால் நான்காம் தடவை வாங்காதீர்கள், ஸ்கேன் எடுங்கள்.

ஊர் வாய மூடணும். சும்மா சடங்கு வச்சுடலாமா?

இதற்கு டாக்டரிடம் பதில் கிடையாது, என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். சில வீடுகளில் மஞ்சள் நீராட்டி, பந்தல் போட்டு, மாமன் சீர் வாங்கி முடித்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் பட்டுப்புடவையில் மணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள், அவளே கேட்டு வைத்த சடங்கு அது. இன்னொரு வீட்டில் பெண்ணுக்கு என்ன என்றே சொல்லாமல் உட்கார வைத்தார்கள். மூன்று நாள் சாப்பிடவில்லை. சடங்கு ஒன்றுதான், இரண்டுக்கும் நடுவில் இருந்தது அவளைக் கேட்டார்களா என்பது மட்டும்.

அவகிட்ட சொல்லணுமா? தாங்குவாளா?

சொல்லவேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவேண்டாம். பத்து வயதில் "உனக்குக் கர்ப்பப்பை இல்லாம பிறந்திருக்கு" என்பது போதும். பதினைந்து பதினாறில் குரோமோசோம் வரை சொல்லலாம், டாக்டர் கூட இருந்தால் நல்லது. மறைத்தால் அவளே ஒருநாள் ரிப்போர்ட்டில் உள்ள எழுத்துகளைப் போனில் தட்டிப் பார்ப்பாள். நள்ளிரவில், தனியாக. அப்படித் தெரிந்துகொண்ட ஒருத்தி என்னிடம் சொன்னது: "என்ன இருக்குங்கறதுல அழுகை வரல அத்தை. அம்மாவுக்கு எட்டு வருஷமா தெரியுங்கறதுலதான் வந்துச்சு."

கல்யாணம் பண்ணலாமா? குழந்தை?

பண்ணலாம். யோனி நீளம் குறைவாக இருக்கலாம், முடிவில் மூடியிருக்கும். விரிவாக்கும் கருவியைத் தானே பயன்படுத்திப் பழகினால் பெரும்பாலும் போதும், அறுவை அபூர்வமாகத்தான் வேண்டியிருக்கும். பெண் தயாராகி, அவளே விரும்பும்போது தொடங்கவேண்டியது இது. கல்யாணத் தேதி குறித்துவிட்டு அவசரப்படுத்துவதற்கில்லை.

வயிற்றில் குழந்தை சுமக்க முடியாது, கருமுட்டையும் இல்லை. தத்தெடுக்க மத்திய அரசின் காரா அமைப்பில் பதியவேண்டும். 2021-ம் வருட வாடகைத்தாய்ச் சட்டத்தின் கீழ், 2024 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு, மருத்துவக் காரணம் இருந்தால் தானமாகப் பெற்ற கருமுட்டையும் கணவரின் உயிரணுவும் சேர்த்து முயல வழி உண்டு, மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். மாப்பிள்ளையிடம் குழந்தை பிறக்காது என்பதை நிச்சயத்துக்கு முன் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் பின்னால் கோர்ட் வாசலில் ஊரே கேட்கும்படி அவள் உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். குரோமோசோம் விவரத்தைச் சொல்வதா என்பதை அவள் முடிவு செய்யட்டும், தரகருக்கு அது தேவையே இல்லை.

ஓட்டப்பந்தயத்துல மாநில அளவுல ஓடறா. டெஸ்ட் வச்சு நிறுத்திடுவாங்களா?

நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளிப் பதக்கம் பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டது. அதை யாரும் மறக்கவில்லை. அவர் உடல் விவரம் நம் பேச்சுக்குரியது அல்ல, அவரை நடத்திய விதம்தான் பேச்சுக்குரியது. இந்த நிலை உள்ளவர் என்று தானே எழுதியவர் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ. 1985-ல் பரிசோதனையில் விலக்கப்பட்டு, போராடி, 1988-ல் தகுதியைத் திரும்பப் பெற்றார். இவர் உடம்புக்கு ஆண் ஹார்மோனால் ஒரு பயனும் இல்லை என்பதுதான் வாதம், வாய்க்கால் கதையே. 2025 செப்டம்பரில் உலக தடகள அமைப்பு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியபோதும் முழுமையான உணர்வின்மை உள்ளவர்களுக்கு விதிவிலக்கு வைத்தது. மருத்துவக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எனக்கு அம்பத்திரண்டு வயசு. ஒரு நாளும் ஆனதில்ல. இனிமே பாத்து என்ன ஆகப்போகுது?

கும்பகோணம் பக்கத்தில் ஒரு அக்கா கேட்டது. மலடி என்று பெயர் வாங்கியவர். திருக்கருகாவூர் கோயில் நெய்யை நாற்பத்தெட்டு நாள் கணக்காய், மூன்று தடவை சாப்பிட்டவர். யாரும் அவரை ஒரு ஸ்கேனுக்கு அனுப்பவில்லை. இப்போது பார்ப்பதற்கு இரண்டு காரணம் சொன்னேன்: உள்ளே இருப்பதில் கட்டி வந்திருக்கலாம், எலும்பு தேய்ந்திருக்கலாம். மூன்றாவதை அவரே சொன்னார். தங்கை மகளுக்கு ஒரு பெண் குழந்தை, வயது ஏழு, போன தையில்தான் இரண்டு பக்கமும் ஹெர்னியா தைத்தார்களாம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு வந்து நின்றார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் அந்தக் குழந்தை.